பலகையும் அடுப்பும்

தொழில் தொடங்க எண்ணும் நேயர்கள் விளம்பர வித்தை கற்க விரும்பினால், இராஜபாளையத்தில் பஸ் ஏறலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் ஏழு மைல்தான். இறங்கியதும் வரிசையாகப் பால்கோவாக் கடைகள். பலகைகளில் கோபுரமும் ஆண்டாள் திருநாமமும். எது எவருடையது என்று பிரித்தறிவது பிரம்மப் பிரயத்தனம்! 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு, அயலூர்ச் சரக்கு இப்பெயரில் வராமல் தடுக்குமேயன்றி, உள்ளூர்க் கடைகளைத் தரம் பிரித்துக் காட்டாது.

ஆகவே நாம் பலகையை விட்டு அடுப்பைப் பார்த்தோம். விறகுத் தீயில், அகன்ற வாணலியில் பாலும் சர்க்கரையும் சுண்டிக்கொண்டிருந்தன. ஒருவர் ஓயாமல் கிளறிக்கொண்டிருந்தார். வேறொன்றும் சேரவில்லை என்பதற்கு நம் கண்ணே சாட்சி!

"எத்தனை நாள் தாங்கும்?" என்றோம்.

"சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள், ஐயா, வைத்திருந்தால் கெட்டுவிடும்" என்றார் கடைக்காரர்.

இரண்டு கிலோ வாங்கச் சென்ற நாம் அரைக் கிலோவுடன் திரும்பினோம். அன்று அவருக்கு ஒன்றரைக் கிலோ வியாபாரம் நஷ்டம். அடுத்த முறை வேறு கடைப் பக்கம் நாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.