சுருக்கம் நீங்கியது, வீக்கம் வந்தது

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நம்மவர் வழக்கம். இவற்றுள் நரைக்குச் சாயம் உண்டு. மூப்புக்கு மருந்து இல்லை. திரைக்கு, அதாவது தோலில் விழும் சுருக்கத்திற்கு, ஊசி வந்திருக்கிறது. நெற்றியிலும் புருவ நடுவிலும் கடைக்கண் ஓரத்திலும் போடப்படும் அந்த ஊசியைப் பற்றி நம் சங்கத்துப் பெண்மணிகள் தணிந்த குரலில் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். தணிந்த குரலில் பேசப்படும் விஷயங்களில்தான் தெரிந்துகொள்ள வேண்டியவை மிகுதி. ஆதலின் இம்மாதம் அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

எழுதத் தூண்டியவர் நம் அங்கத்தினர் குடும்பத்து அம்மையார் ஒருவர். வயது 52. மகளின் திருமணத்திற்குப் பத்து நாட்கள் இருக்கையில், இந்நகரத்து அழகு நிலையம் ஒன்றில் கடைக்கண் சுருக்கத்திற்கு ஊசி போட்டுக்கொண்டார். கணவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. ஒப்பமிடக் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கிய பெண் இந்தியில் விளக்கினாள். காய்கறிக் கடையில் பேரம் பேசும் அளவுக்கு அம்மையாருக்கு இந்தி தெரியும். கண்ணிமையைப் பற்றிக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தெரியாது. தலையசைத்துவிட்டு ஒப்பமிட்டார்.

ஐந்தாம் நாள் சுருக்கம் மறையத் தொடங்கியது. ஏழாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது இரு கண்களின் கீழும் அதைத்திருந்தது. மாலையில் சற்று வடியும். மறுநாள் காலையில் மீண்டும் வரும். ஊரிலிருந்து வந்து இறங்கிய நாத்தனார் கேட்ட முதற் கேள்வியே, "ஏன் அண்ணி, அழுதீர்களா?" என்பதுதான். இல்லை என்றதை அவர் நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள், சம்பந்தி வீட்டாரோடு ஏதோ மனத்தாங்கல் என்ற பேச்சு உறவினரிடையே பரவிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் தனியே அழைத்து, "எங்கள் பேரில் ஏதேனும் குறை உண்டா, சம்பந்தியம்மா?" என்று கேட்கும்படி ஆயிற்று. ஊசியைப் பற்றிச் சொல்ல அம்மையாருக்கு நா எழவில்லை. தூக்கம் இல்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

திருமணம் குறைவின்றி நடந்தேறியது. பிறகுதான் அவர் ஒரு கண் டாக்டரிடம் சென்றார். அங்கே தெரிந்துகொண்டதை, பெயர் சொல்லாமல் எழுதுங்கள் என்று நம்மைக் கேட்டுக்கொண்டார்.

பொடாக்ஸ் என்ற வியாபாரப் பெயரால் பலரும் அறிந்துள்ள இம்மருந்து, பொட்டுலினம் என்னும் நுண்கிருமி உண்டாக்கும் நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியால் நேரும் மரணங்களை ஆராய்ந்து, ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1822இல் இந்நஞ்சின் இயல்பை விரிவாக எழுதினார். கிருமியைப் பிரித்துக் காட்டியவர் பெல்ஜியத்து அறிஞர் வான் எர்மெங்கெம். 1895இல் ஓர் இறுதிச் சடங்கிற்கு வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள், பதப்படுத்திய பன்றித் தொடையிறைச்சியை உண்டு நோயுற்றதே அவருடைய ஆராய்ச்சிக்குக் காரணமாயிற்று.

உயிரைக் கொல்லும் நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாக்கியவர் ஒரு கண் வைத்தியர். ஸான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சீர்செய்ய இதைப் பயன்படுத்தி, 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1989இல் மாறுகண்ணுக்கும், இமைகள் தாமே இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் அமெரிக்க அரசு இதனை அனுமதித்தது. கனடாவில் வான்கூவர் நகரத்துக் கண் டாக்டர் ஜீன் கரதர்ஸ், இமை நோய்க்கு ஊசி போட்டபோது புருவச் சுருக்கமும் மறைவதைக் கண்டார். அவரும், தோல் டாக்டரான கணவர் அலஸ்டர் கரதர்ஸும் 1992இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினர். 2002இல் புருவ நடுச் சுருக்கத்திற்கும், 2013இல் கடைக்கண் சுருக்கத்திற்கும், 2017இல் நெற்றிச் சுருக்கத்திற்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்ணுக்கென்று பிறந்த மருந்து இவ்வாறு அழகுக்கு வந்து சேர்ந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. நரம்பு ஒரு இரசாயனத்தைச் சுரந்துதான் தசையைச் சுருங்கச் செய்கிறது. அச்சுரப்பை இம்மருந்து தடுத்துவிடுகிறது. தசை ஓய்கிறது, அதன் மேல் உள்ள தோலின் மடிப்பும் தளர்கிறது. சில நாட்களில் பயன் தெரியத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்கள் நீடிக்கும்.

ஆனால் சுருக்கம் விழச் செய்வது மட்டுமா அத்தசையின் தொழில்? கண்ணைச் சுற்றி வளையம்போல் அமைந்த அந்தத் தசை, நாம் இமைக்குந்தோறும் இமைகளில் ஊறும் நீரை அழுத்தி வெளியேற்றுகிறது. ஓடத்தில் கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பவன் கை ஓய்ந்தால் என்ன ஆகும்? தசை தளர்ந்த கண்ணிலும் அவ்வாறே நீர் தேங்குகிறது. இரவில் படுத்திருக்கும்போது மிகுதியாகத் தேங்குவதால் வீக்கம் காலையில் பெரிதாய்த் தெரிகிறது. அன்றியும், கண்ணின் கீழுள்ள கொழுப்பை உள்ளே அடக்கி வைப்பதிலும் அத்தசைக்குப் பங்கு உண்டு. பிடி தளர்ந்தால் கொழுப்புப் பை முன்னே தள்ளுகிறது. முன்பே கண்ணடியில் பை விழுந்தவர்களுக்கும், கீழிமை தளர்ந்தவர்களுக்கும் இது நேரக்கூடும். கீழிமையை மெல்லக் கீழே இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால் இமை தளர்ந்துள்ளது என்று டாக்டர்கள் கொள்வர். நம் அம்மையாருக்கு இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கவில்லை.

எல்லா வீக்கமும் ஒன்றல்ல. ஊசி குத்திய இடத்தில் எழும் சிறு தடிப்பு விரைவில் அடங்கிவிடும். நெற்றியில் போட்ட மருந்தால் புருவம் தாழ்ந்து, மேலிமைத் தோல் கனத்து வீங்கியதுபோல் தோன்றுவது உண்டு. இமையைத் தூக்கும் தசைக்கு மருந்து பரவினால் இமையே சரிந்து கண்ணைப் பாதி மறைக்கும். தயாரிப்பாளர் தரும் குறிப்பின்படி, சோதனைகளில் புருவ நடுவில் போட்டுக்கொண்டவர்களுள் 100க்கு 3 பேருக்கு இமை சரிந்தது; கடைக்கண்ணில் போட்டுக்கொண்டவர்களுள் 100க்கு ஒருவருக்கு இமை வீங்கியது. அரிது என்பது உண்மையே. ஆயினும் அந்த ஒருவராக இருப்பவருக்கு அஃது அரிதன்று.

"இதைக் கலைக்க வேறோர் ஊசி இல்லையா?" என்று அம்மையார் கேட்டாராம். கண்ணடிப் பள்ளத்தை நிரப்பப் போடும் ஹையலூரானிக் அமிலத்தைக் கரைக்க மருந்து உண்டு. நரம்பு முனையில் புகுந்துவிட்ட இந்நஞ்சை வெளியே எடுக்க வழி இல்லை; அதன் வலிமை தானே குறையும்வரை காத்திருப்பதே வழி. தலையைச் சற்று உயர்த்திப் படுத்தல், உப்பைக் குறைத்தல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் காலையில் கண்மேல் வைத்தல் இவை ஓரளவு உதவும். இமை சரிந்திருந்தால் தற்காலிகமாக உயர்த்தும் சொட்டு மருந்தை டாக்டர் தருவார். அழுத்தித் தேய்த்தலும், சரிசெய்வதாகச் சொல்லி உடனே மறுபடி ஊசி போட்டுக்கொள்வதும் கூடா.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் தகாது. விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம், இரட்டைப் பார்வை, உடலெங்கும் தளர்ச்சி, தடிப்போடு கூடிய திடீர் வீக்கம் இவை தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மருந்து தூரத்து உறுப்புகளுக்குப் பரவக்கூடும் என்ற எச்சரிக்கையை 2009இல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. கண்ணோடு காலும் வீங்கினால் சிறுநீரகத்தைச் சோதித்தறிய வேண்டும். பழியை ஊசியின்மேல் போட்டுவிட்டு வாளாவிருத்தல் ஆகாது.

சகோதரிகளே, ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. முகம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. பயிற்சி பெற்ற டாக்டரிடம் செல்லுங்கள். மருந்தின் பெயர் என்ன, எத்தனை யூனிட், எந்த இடத்தில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு தயாரிப்பின் யூனிட் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கருவுற்றிருப்பவரும், பாலூட்டும் தாய்மாரும், தசைத் தளர்ச்சி நோய் உடையவரும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மணநாளை அடுத்து வைத்துக்கொண்டு முதன்முறையாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றிற்கும் மேலாக, மொழி புரியாத இடத்தில் தனியே ஒப்பமிடாதீர்கள். ஊரில் என்றால் அக்காளோ அத்தையோ உடன் வருவார்கள். இங்கே மகளோ, அடுத்த வீட்டுத் தோழியோ வரலாம். வெட்கத்தால் ஒளித்ததே நம் அம்மையாருக்கு வீக்கத்தைவிடப் பெருந்துன்பம் தந்தது.

ஆறாம் வாரம் அவருக்கு வீக்கம் குறைந்தது. மூன்றாம் மாதம் முற்றும் வடிந்தது. கடைக்கண் சுருக்கமும் பழையபடி வந்து சேர்ந்தது. திருமண ஆல்பத்தில் மட்டும் அதைத்த கண்கள் அப்படியே இருக்கின்றன. மகளைப் பிரியும் துயரில் தாய் அழுதிருக்கிறாள் என்றே பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மகளும் அவ்வாறே நினைத்திருந்தாளாம். இக்கட்டுரையை நாம் எழுதப்போவதாகச் சொன்ன அன்றுதான் அம்மையார் அவளிடம் உண்மையைச் சொன்னார். "முன்பே சொல்லியிருந்தால் நானே உடன் வந்திருப்பேனே, அம்மா!" என்றாளாம் மகள்.