கெட்டுப்போகவில்லை உங்கள் கோப்பு!

பழைய சிடியைத் தேடி எடுத்து, இருபது வருடத்துக்கு முன் தட்டச்சு செய்த புத்தகத்தை மறுபதிப்புக்காகத் திறக்கிறார் ஒரு சிறு பதிப்பாளர். கோப்பு திறக்க மறுக்கிறது. அல்லது திறந்து, பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளைக் கொட்டுகிறது. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று முடிவுகட்டி, புத்தகத்தை மறுபடி தட்டச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான், மூலத்தைத் திறந்து ‘சேவ்’ கொடுக்கவே கூடாது. அடுத்து, கோப்பின் அளவைப் பாருங்கள். சைபர் என்று காட்டினால் உள்ளே எதுவும் இல்லை, வேறு பிரதியைத் தேட வேண்டியதுதான். அளவு சரியாக இருந்தால், நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சதவீதக் குறியை ஒட்டி ‘பிடிஎஃப்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், பெயரின் பின்னொட்டு என்னவாக இருந்தாலும் அது பிடிஎஃப்தான். ‘பிகே’ என்று தொடங்கினால் அது ஜிப் வகை. வேர்டு 2007 முதல் வந்த டாக்எக்ஸ் கோப்புகளும் அப்படித்தான் தொடங்கும். வேர்டு கைவிட்டாலும், நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ‘வேர்டு’ என்ற ஃபோல்டரில் ‘டாக்குமென்ட்’ என்றொரு கோப்பு இருக்கும். சேதம் அதுவரை போகாமல் இருந்தால், நீங்கள் எழுதியது அங்கே இருக்கும்.

தமிழ்ப் பதிப்புலகின் தலைவலி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு அது நின்றுபோனது. அதே வகை மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பிறகு வந்தவை திறக்காது. பழைய கணினியை எடைக்குப் போடும் முன், அதில் பேஜ்மேக்கரோ பழைய இன்டிசைனோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பு திறந்த பிறகும் தமிழ் தெரியாவிட்டால் சிக்கல் எழுத்துருவில். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் அடித்த ‘தமிழ்’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். வேர்டில் அந்த வரியின் மேல் கிளிக் செய்தால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே தெரியும். பெயர் தெரிந்தால் எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம். தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து மாற்றினால் அவை அர்த்தமற்ற தமிழாகிவிடும்.

பெயர் தெரியாவிட்டால்? என் கவலையே இதுதான். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. ஆனாலும் அச்சகத்துக்கு அச்சகம் தனி எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. எந்தப் புத்தகம் எதில் அடிக்கப்பட்டது என்பது பல இடங்களில் எந்த ஏட்டிலும் இல்லை. டிடிபி செய்தவரின் நினைவில் இருக்கிறது. அவர் தொழிலை விட்டு, கடையை மூடி, எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டால் கோப்பு நம் கையில் இருந்தும் பயனில்லை. பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்து மாற்றிக்கொள்ளும். ஊர் வரலாறும், சிற்றிதழும், கைக்காசு போட்டு வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பும்தான் தொலையும்.

அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்தால் போதும் என்பார்கள். பிரதி கிடைத்தால் அது நல்லதுதான். ஆனால் ஸ்கேன் தருவது பக்கத்தின் படம். அதை எழுத்தாக மாற்றினாலும் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தாக வேண்டும்.

எனவே பதிப்பாளர்களே, உங்களுக்கு டிடிபி செய்து கொடுத்தவரை இந்த வாரமே கூப்பிடுங்கள். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று கேட்டு எழுதிவையுங்கள். எழுத்துருக் கோப்பையும் அவரிடம் வாங்கி, புத்தகம் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். யூனிகோடுக்கு மாற்றியதை வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். எந்த மென்பொருள் மறைந்தாலும், அதை நோட்பேடிலேயே படித்துவிடலாம்.