சாலைக் கடைத்தெரு

திருவனந்தபுரத்தில் நண்பர்களுடன் ஒரு நாள் சுற்றிப் பார்க்கக் கிழக்குக்கோட்டைப் பகுதி ஏற்றது. அங்கே பத்மதீர்த்தக் குளத்தின் எதிரே ‘மேத்தன் மணி’ என்னும் பழைய கடிகாரம் உள்ளது. மணி அடிக்கும்பொழுது அதிலுள்ள தாடிக்கார உருவம் வாயைத் திறக்கும்; இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும். அருகிலுள்ள குதிரைமாளிகை, சுவாதித் திருநாள் மன்னர் கட்டியது. அதன் கூரையின் கீழ் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்கின்றன.

கோட்டைவாயிலைக் கடந்து கிழக்கே சென்றால் சாலைக் கடைத்தெரு தொடங்கும். திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த சந்தை இது. அரிசி, மளிகை, பூ, பாத்திரம் என எல்லாப் பொருள்களும் இங்கே கிடைக்கும். தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகக் கடை நடத்துவதால், இங்கே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். வெங்காயத்தை மலையாளத்தில் ‘உள்ளி’ என்பர். கன்னியாகுமரித் தமிழரும் அவ்வாறே கூறுவர். 1956 வரை அப்பகுதியும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன.

இத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் ஒரு தமிழ் எழுத்தாளர். பள்ளியில் மலையாளம் பயின்ற அவர், தமிழில் எழுதினார். சுமை தூக்குவோர், சிறுவணிகர் முதலிய எளிய மனிதர்களைப் பற்றிய அவருடைய சிறுகதைகள் ‘கடைத்தெருக் கதைகள்’ என்னும் நூலாக வெளிவந்தன. 2015-ஆம் ஆண்டு ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தபோதும் அவர் எழுதுவதற்குப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்லவில்லை. கடை வாசலில் கண்டவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.