கொல்லை வேலைக்குக் கவட்டை ஊன்றுகோல்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் பல சிறு விவசாயக் குடும்பங்களில் ஒருவர் நிலத்தைப் பார்க்க, மற்றொருவர் ஆலை வேலைக்குச் செல்கிறார். சாலை விபத்திலோ இயந்திரத்திலோ கால் அடிபட்டவரும், சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவரும் வீட்டோடு முடங்கினால் இந்த ஏற்பாடு குலைந்துபோகும். மூன்று சக்கர வண்டி தார்ச் சாலைக்கு ஏற்றது. உழுத ராகிக் கொல்லையில் உருளாது. கடை ஊன்றுகோலின் சிறிய ரப்பர் குமிழும் ஈர மண்ணில் புதையும். எனவே கொல்லைக்கென்று தனியாக ஓர் ஊன்றுகோலை ஊர்த் தச்சரைக் கொண்டே செய்துகொள்வது நல்லது.

வேம்பு, புளி, கொய்யா போன்ற உறுதியான மரத்தில், கவட்டையாகப் பிரியும் நேரான கிளை போதும். அடித்தண்டு ஒன்றரை அங்குலம் பருமன் இருக்கட்டும். பட்டையை உரித்து நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். வெடிப்போ பூச்சித் துளையோ உள்ள கிளையைத் தொடவே வேண்டாம். கவட்டையின் மேல் நுனிகளை ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்து, நடுவே கைப்பிடிக் கட்டையை மரையாணியால் பொருத்த வேண்டும்.

மரத்தைவிட அளவுதான் முக்கியம். பயன்படுத்துபவர் வழக்கமாக அணியும் செருப்புடன் நிமிர்ந்து நிற்க வேண்டும். அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே தொடங்கி, பாதத்துக்குப் பக்கவாட்டில் ஆறு அங்குலம் தள்ளித் தரை வரை உள்ள நீளமே ஊன்றுகோலின் நீளம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைப்பிடி அமைய வேண்டும். அப்போது ஊன்றும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும்.

பலர் தவறுவது இங்கேதான். மேற்கட்டையில் துணியை மெத்தென்று சுற்றி, அதில் அக்குளை வைத்துத் தொங்குகின்றனர். உடல் எடை முழுவதும் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் ஓடும் நரம்பு நாள்தோறும் நசுங்கினால் கை மரத்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமலும் போகலாம். காலுக்கு உதவ வந்த கோல் கையையும் கெடுத்துவிடும். விரல்கள் மதமதத்தால் உடனே உயரத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடி நுனியில் பழைய டயரை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி, ஆணித் தலை வெளியே துருத்தாமல் பொருத்தினால் மண்ணில் புதையாது. திடகாத்திரமான ஒருவர் முழு எடையையும் போட்டு ஊன்றிப் பார்த்த பிறகே பயன்படுத்தக் கொடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு அளவு தேவை.

பிடி வலு குறைந்தவர்களுக்கு அரிவாள், களைக்கொத்துப் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கலாம். அரிவாளைக் கையோடு கட்டிவிடுவது ஆபத்து.

காலை இழந்தவர்கள் ஊன்றுகோலோடு நின்றுவிட வேண்டியதில்லை. 1968இல் உருவான ஜெய்ப்பூர் ரப்பர் கால், வெறுங்காலோடு நடப்பதற்கும் சம்மணமிட்டு உட்காருவதற்கும் ஏற்றது. ஆனால் செயற்கைக் காலைப் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும். வீட்டில் முயலக் கூடாது. இதற்குக் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.