சாவியைக் கொடுக்க முன் வீதியைக் கற்றுக் கொடுப்போம்

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் நமது ஊர்களில் அன்றாடம் காணக் கிடைக்கும் காட்சி இது. எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை ஸ்கூட்டரை ஓட்டி வருவான். பின்னால் இரண்டு கூட்டாளிகள். மூவர் தலையிலும் ஹெல்மட் இருக்காது. கடைக்குப் பாண் வாங்கவோ, தம்பியை மக்தபில் இறக்கிவிடவோ அவனை அனுப்பி வைத்தவர்கள் அவனுடைய வாப்பாவும் உம்மாவும்தான். "மகன் இப்பவே நல்லா ஓடுவான்" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

அந்தப் பெருமை எனக்குப் புதிதல்ல. சிறு வயதில் என் வாப்பா தன் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் என்னை இருத்தி, ஹேண்டிலைப் பிடிக்க விடுவார். அன்று தெருவில் இருந்த வாகனங்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று 14 வயதான என் மகன் அதே ஆசையோடு சாவியைக் கேட்கிறான். "தரமாட்டேன்" என்று சொல்வதோடு என் பொறுப்பு முடியவில்லை. ஏன் தரமாட்டேன் என்பதையும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

ஓடத் தெரிவதும் வீதி தெரிவதும்

ஸ்கூட்டர் ஓடப் பழக ஒரு வாரம் போதும். எக்ஸிலேட்டரை முறுக்கினால் போகும், பிரேக்கைப் பிடித்தால் நிற்கும். கியர் கூட இல்லை. அதனால்தான் "பிள்ளைக்கு ஓடத் தெரியும்" என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் அவன் கற்றது இயந்திரத்தை இயக்க மட்டுமே. முன்னால் நிற்கும் முச்சக்கர வண்டி சிக்னல் போடாமல் திரும்பலாம். நிறுத்திய பஸ்ஸின் முன்னால் ஒரு குழந்தை ஓடி வரலாம். கடற்கரை வீதியில் மணல் படிந்திருக்கும், அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும், இரவில் நடு வீதியில் மாடு படுத்திருக்கும். இவற்றை முன்கூட்டியே எதிர்பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் வருவதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் சுமார் 17 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கனாவது ஆகும். அதன் பிறகு காய்ந்த வீதியில், நல்ல பிரேக்கோடு நிற்க இன்னும் 20 மீற்றர் அளவில் வேண்டும். மொத்தம் 37 மீற்றர். இதுவே 30 கிலோமீற்றர் வேகம் என்றால் சுமார் 13 மீற்றரில் வாகனம் நின்றுவிடும். அதாவது மெதுவாக வந்தவன் முழுமையாக நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்தவன் பிரேக்கையே இன்னும் தொட்டிருக்க மாட்டான்.

வயது ஏன் முக்கியம்?

இது பிள்ளையின் கெட்டித்தனம் பற்றிய விடயமல்ல. அவசரத்தை அடக்கி, விளைவை யோசித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்து கொண்டே இருக்கிறது. பதின்ம வயதில் கூட்டாளிகளின் முன்னால் வீரம் காட்டும் ஆசை அதிகம். பின்னால் சம வயது நண்பர்கள் இருக்கும்போது இளம் சாரதிகள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை.

நியூசிலாந்து 1987இலேயே இதைக் கருத்திற்கொண்டு படிமுறை அனுமதிப்பத்திர முறையைக் கொண்டு வந்தது. அங்கு புதிய இளம் சாரதிக்கு முழு அனுமதி உடனே கிடைப்பதில்லை. இடைக்காலத்தில் தனியாக இரவு நேரத்தில் ஓடவும், ஆட்களை ஏற்றவும் கட்டுப்பாடு உண்டு. நமது ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. அனுமதிப்பத்திரமே இல்லாத பிள்ளை, ரமழான் இரவுகளில் தராவீஹ் முடிந்த பிறகு, மூன்று பேரோடு ரேஸ் ஓடுகிறான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதலாவது காரணம் வீதி விபத்துதான். இலங்கையிலும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழக்கின்றனர். பெருநாள் தினங்களில் எந்தத் தெருவிலிருந்து ஜனாஸா அறிவித்தல் வருமோ என்று பயப்படும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

சட்டமும் மார்க்கமும்

14, 15 வயதுப் பிள்ளை எந்த மோட்டார் வாகனத்துக்கும் இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற முடியாது. அது இல்லாமல் ஓடுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாகனத்தை ஒப்படைப்பதும் குற்றமே. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்பது காப்புறுதி ஒப்பந்தங்களின் வழமையான நிபந்தனை. விபத்து நடந்தால் வாகனத்தின் நட்டமும், பாதிக்கப்பட்டவருக்கான பொறுப்பும், வழக்கும் குடும்பத்தின் தலையில் விழலாம்.

சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1993இல் புரூணையில் நடந்த தனது 8ஆவது அமர்வில் வீதி விபத்துகள் குறித்துத் தீர்மானம் எடுத்தது. ஷரீஆவுக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்று அது தெளிவுபடுத்தியது. பொலிஸார் இல்லாத ஒழுங்கையால் பிள்ளையை அனுப்புவது கெட்டித்தனமல்ல. பிள்ளையும் அமானிதம், வீதியில் வரும் அடுத்தவரின் உயிரும் அமானிதம்.

"வீட்டில் வேறு ஆள் இல்லையே?"

இந்தக் கேள்வியை இலேசாக ஒதுக்க முடியாது. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். உம்மாவுக்கு வாகனம் ஓடத் தெரியாது. மூத்த மகன்தான் வீட்டுக்குக் கைகால். இதற்குத் தீர்வு மகனிடம் சாவியைக் கொடுப்பதல்ல. முறையாகப் பயிற்சி எடுத்து அனுமதிப்பத்திரத்தோடு ஸ்கூட்டர் ஓடும் பெண்களை இன்று நமது ஊர்களிலேயே காண்கிறோம். உம்மா பழகட்டும். பக்கத்துக் கடைக்குப் பிள்ளை சைக்கிளில் போகட்டும்.

பிள்ளைக்கு எதையும் கற்றுக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு வயதிலேயே கற்றுக் கொடுக்க நிறைய இருக்கிறது. ஏழெட்டு வயதில் வலமும் இடமும் பார்த்து வீதியைக் கடக்கப் பழக்கலாம். பத்து வயதுக்குப் பிறகு சைக்கிளில் இடப்பக்கம் ஓடவும், கை சைகை காட்டவும், சந்தியில் நிறுத்திப் பார்க்கவும் பழக்கலாம். பின்னால் ஏற்றிச் செல்லும்போதே வீதிச் சமிக்ஞைகளின் பொருளைச் சொல்லிக் கொடுக்கலாம். அவனுக்கும் அளவான ஹெல்மட் வாங்கி, பட்டியைப் பூட்டி விடலாம். உரிய வயது வந்ததும் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பழகுவது நம்மைப் பார்த்துத்தான். ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் ஹெல்மட்டை ஹேண்டிலில் கொழுவிக் கொண்டு, எதிர்ப்பக்கத்தால் ஓடும் வாப்பாவின் பின்னால் இருக்கும் பிள்ளை அதையே கற்றுக்கொள்கிறான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் இதைப் பேச வேண்டும். ஆனால் சாவி தொங்குவது நமது வீட்டுச் சுவரில். இன்று பின்னேரம் மகன் அதைக் கேட்கும்போது, கோபப்படாமல் பக்கத்தில் இருத்தி, அந்த 37 மீற்றர் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.