திருப்பும் தண்டே தாங்கும் தண்டு: பழைய ஜாகுவார் காரில் ஒரு பழுதும் அதன் அறிவியலும்

சாலையோரம் நிற்கும் லாரியின் அடியில் குனிந்து பார்த்தால், நடுவில் நீளமாக ஒரு தண்டும் அதன் முனைகளில் கூட்டல் குறி வடிவ இணைப்பும் தெரியும். பட்டறைகளில் அந்தக் கூட்டல் குறித் துண்டைக் ‘கிராஸ்’ என்பார்கள். முழு இணைப்புக்கு யுனிவர்சல் ஜாயிண்ட் என்று பெயர். கியர்பாக்ஸ் சட்டத்தோடு நிலையாக நிற்கிறது. பின் அச்சோ சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இரண்டையும் விறைப்பான ஒரே கம்பியால் இணைக்க முடியாது. சுழற்சி நிற்காமல், அதே சமயம் தண்டு மடங்கவும் வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இந்த இணைப்பு தேய்ந்தால் என்ன ஆகும், அதை எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பார்க்க ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான ஜாகுவார் இ-டைப், 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான பந்தயச் சாயல் கொண்ட கார். இன்றும் உலகெங்கும் பலர் அதைப் பழுதுபார்த்து ஓட்டி வருகிறார்கள். அதன் அழகைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அதன் பின்பக்க அடிப்பாகம்.

இ-டைப்பில் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக ஏறி இறங்கும். நடுவில் டிஃபரன்ஷியல், அதிலிருந்து இருபக்கமும் ஒவ்வொரு அரைத்தண்டு. ஒவ்வோர் அரைத்தண்டிலும் உள்முனையில் ஒன்று, வெளிமுனையில் ஒன்று என இரண்டு ஜாயிண்டுகள். ஆக நான்கு. கியர்பாக்ஸிலிருந்து வரும் நடுத்தண்டில் இன்னும் இரண்டு. இதுவரை விசேஷம் எதுவும் இல்லை. அதே காலத்து டிரையம்ஃப் டி.ஆர்.6 காரிலும் இப்படி அரைத்தண்டுகள் உண்டு. ஆனால் அங்கே தண்டு நீளவும் சுருங்கவும் வழுக்கும் பகுதி இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருப்பது வேறு ஒரு கை. ஜாகுவாரில் அந்த வழுக்கும் பகுதி கிடையாது. கீழே ஒரு குழாய்க் கை, மேலே அரைத்தண்டு: இந்த இரண்டும்தான் சக்கரத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்துகின்றன. தண்டு சக்கரத்தைத் திருப்புகிறது. அதுவே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையாகவும் இருக்கிறது.

ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்தது வடிவமைப்பாளரின் சாமர்த்தியம். எடை குறைகிறது, இடமும் மிச்சம். அதற்கு ஒரு விலையும் உண்டு. லாரியின் நடுத்தண்டில் கிராஸ் உடைந்தால் சக்கரத்துக்கு விசை போகாமல் வண்டி நிற்கும். தண்டு கீழே விழுந்து சேதமும் உண்டாக்கலாம். இ-டைப்பின் அரைத்தண்டில் உடைந்தால் சக்கரமே மேற்பிடிப்பை இழந்து சாய்ந்துவிடும். ஆகவே கிளட்ச்சை விடும்போது பின்னாலிருந்து கேட்கும் ‘டக்’ என்ற சிறு ஓசையைப் பழைய கார் என்றால் அப்படித்தான் என்று இந்தக் காரில் விட்டுவிடக் கூடாது.

கிராஸ் ஏன் தேய்கிறது? அதிகம் அசைவதால் என்றுதான் எவரும் சொல்வார்கள். பெரும்பாலும் விடை நேர் எதிரானது. கிராஸின் நான்கு கால்களிலும் ஒவ்வொரு சிறு எஃகுக் கிண்ணம் பொருந்தியிருக்கும். கிண்ணத்தின் உட்சுவரையொட்டி, குண்டூசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். தண்டு ஒரு முறை சுற்றும்போது இந்தக் கால்கள் கிண்ணத்துக்குள் முழுச் சுற்று சுற்றுவதில்லை. தண்டு மடங்கியிருக்கும் கோண அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் ஆடுகின்றன. மடிப்பு 2 அல்லது 3 பாகை என்றால் உருளைகள் நகர்வதும் சொற்பம். ஒரே இடத்தில் சுமை விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கிருந்த கிரீஸ் பிதுங்கி விலகுகிறது, புதிது வந்து சேர்வதில்லை. கடைசியில் ஒவ்வோர் உருளையும் காலின்மேல் தன் அச்சைப் பதித்துவிடுகிறது. உராய்வுப் பாடத்தில் நாம் சொல்லும் ‘உருளும் உராய்வு குறைவு’ என்ற விதி, உருளை உண்மையிலேயே உருண்டால்தான் பலிக்கும். இத்துடன் மழைநீர் புகுந்துவிட்டால் துரு வேலையை முடித்துவிடும். கிண்ணத்தின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால், உள்ளே கிரீஸ் வற்றி நாளாகிவிட்டது என்று பொருள்.

பழுதைக் கண்டுபிடிக்க இந்தக் காரின் அமைப்பே உதவுகிறது. இ-டைப்பின் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தின் அருகே இல்லை. டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. காரைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டால் அரைத்தண்டின் உள்முனை பூட்டிக்கொள்ளும். இப்போது சக்கரத்தைக் கையால் சுழற்றும் திசையில் ஆட்டிப் பார்த்தால், கிடைக்கும் தளர்வு பெரும்பாலும் அந்த இரண்டு ஜாயிண்டுகளின் தளர்வுதான். டிஃபரன்ஷியல் பற்களின் இயல்பான இடைவெளி கணக்கில் வராது. அடுத்து சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் அசைக்க வேண்டும். தண்டே மேல் கை என்பதால் தேய்ந்த கிராஸ் இங்கேயும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சக்கர பேரிங்கும் கீழ்க்கையின் இணைப்பும் தேய்ந்திருந்தாலும் இதே அசைவு வரும். அதனால் ஒருவர் அசைக்க, இன்னொருவர் ஜாயிண்டின்மேல் விரல் வைத்து உணர்வதே சரியான வழி. காரணிகளை ஒவ்வொன்றாக நிலைநிறுத்தி மற்றதைச் சோதிப்பது என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

மாற்றும் வேலையில் தண்டைக் கழற்றும்போதே ஒரு கவனம் தேவை. உள்முனைக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. எத்தனை இருந்தன என்று இருபக்கமும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும்.

தண்டு மேசைக்கு வந்ததும் கிண்ணங்களைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்புகளைச் சுத்தம் செய்து கழற்றுவார்கள். இவை தெறிக்கும், கண்ணாடி அணியாமல் தொடக் கூடாது. பிறகு வைஸில் இரண்டு சாக்கெட்டுகள்: ஒருபுறம் கிண்ணத்தைவிடச் சிறியது, மறுபுறம் பெரியது. வைஸை இறுக்க, சிறியது தள்ளும். பெரியதற்குள் எதிர்ப்பக்கக் கிண்ணம் வெளியேறும். யோக் எனப்படும் கவையின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது கிராஸ் போட்டும் பயனில்லை. கவையையே மாற்ற வேண்டும்.

புதியதைப் பூட்டும்போது பொறுமை வேண்டும். உருளைகளைக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டவைத்திருப்பது வெறும் கிரீஸ்தான். ஒன்று சரிந்து அடியில் படுத்தாலும் கிண்ணம் முழுதாக உள்ளே போகாது, சர்க்ளிப் அதன் பள்ளத்தில் அமராது. அப்போது வைஸை மேலும் இறுக்குபவர் கிண்ணத்தை உடைப்பார். நிறுத்திப் பிரித்துப் பார்ப்பவர் படுத்துக் கிடக்கும் உருளையைக் காண்பார். முடிந்ததும் ஜாயிண்ட் நான்கு திசையிலும் ஒரே சீராக அசைய வேண்டும். ஒரு திசையில் இறுக்கமாக இருந்தால் கவையை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் சரியாகும். கழற்றிய பூட்டு நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியன போடுவது நல்லது.

இனி ஒரு கணக்கு. 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் இருவரின் பெயரும் இந்த இணைப்புக்கு வழங்குகிறது. நம் பாடநூலில் சுருள்வில்லுக்கு விதி தந்த அதே ஹூக்தான். தண்டு மடங்கியிருக்கும்போது முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது சீராகச் சுழலாது. ஒரு சுற்றில் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். மடிப்பு 10 பாகை என்றால் வேகம் சுமார் 1.5 விழுக்காடு கூடிக் குறையும். 30 பாகையில் 15 விழுக்காடு வரை கூடும். ஒரு தண்டின் இரு முனைகளிலும் ஜாயிண்ட் வைத்து, இரண்டு கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்தி, இரு மடிப்புகளையும் சமமாக வைத்தால், ஒன்று செய்யும் கோளாறை மற்றது நீக்கிவிடும். வழுக்கும் தண்டைக் கழற்றும் மெக்கானிக் இரு பகுதியிலும் பெயின்டால் கோடு போடுவது இதற்காகத்தான். கோடு தப்பினால் கோளாறுகள் நீங்காமல் கூடிவிடும், வண்டி அதிரும்.

10-ஆம் வகுப்பு மாணவர்கள் இதைக் கோணமானியால் அளந்தே பார்க்கலாம். சாக்கெட் ஸ்பேனர் பெட்டியில் வரும் சிறு யுனிவர்சல் ஜாயிண்ட் ஒன்று போதும். பக்கத்துப் பட்டறையில் ஒரு நாளைக்குக் கடன் கேட்கலாம். அதை 45 பாகை மடித்துப் பிடித்து, ஒரு கவை படுக்கையாக இருக்கும் நிலையிலிருந்து முதல் தண்டை 45 பாகை திருப்பச் சொல்லுங்கள். இரண்டாவது தண்டு, தொடங்கிய நிலையைப் பொறுத்து, சுமார் 35 அல்லது 55 பாகை திரும்பியிருக்கும். 90 பாகை திருப்பும்போது இரண்டும் மீண்டும் ஒன்றாகிவிடும். 45 பாகையின் டேன்ஜென்ட், கோசைன் மதிப்புகளைக் கொண்டு அந்த 35 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடன் கேட்கப் போகும்போது கழித்துப்போட்ட லாரி கிராஸ் ஒன்றையும் வாங்கி வாருங்கள். அதன் காலில் நகத்தை வைத்து இழுத்தால், உருளைகள் பதித்த வரிகள் ஒவ்வொன்றும் தட்டுப்படும்.