அறிவிப்பில் 'மின் விநியோகம் நிறுத்தம்'... மக்கள் தேடுவது 'கரண்ட் கட்'! இந்த இடைவெளி ஏன் ஆபத்து?

ராத்திரி கரண்ட் போனால் பலருக்கும் முதலில் கை போவது செல்போனுக்குத்தான். 'கரண்ட் எப்போ வரும்', 'ஈபி கம்ப்ளைன்ட் நம்பர்' என்று கூகுளில் தட்டுகிறார்கள். ஆனால் அதிகாரபூர்வ அறிவிப்பில் இருப்பதோ 'பராமரிப்புப் பணி', 'துணை மின்நிலையம்', 'மின் விநியோகம் நிறுத்தம்' போன்ற வார்த்தைகள்.

சொல்பவர் ஒரு மொழியிலும் தேடுபவர் வேறு மொழியிலும் இருந்தால் என்ன நடக்கும்? அரசுத் துறைகளும் நிறுவனங்களும் மக்களின் தேடல் பழக்கத்தைப் பார்த்து அறிவிப்பு எழுத வேண்டும் என்று சொல்வது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பெயர் மாறியது, பேச்சு மாறலை

தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-ல் பிரிக்கப்பட்டு, மின் உற்பத்தியும் விநியோகமும் 'டான்ஜெட்கோ' வசம் வந்தது. 2024-ல் டான்ஜெட்கோவும் பிரிக்கப்பட்டு, விநியோகத்தை இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் கவனிக்கிறது. ஆனால் மக்கள் வாயில் இன்னும் 'ஈபி ஆபீஸ்', 'ஈபி பில்'தான்.

புகார் சொல்ல 'மின்னகம்' என்ற 24 மணி நேர சேவை மையம் 2021-ல் தொடங்கப்பட்டது. எண்: 94987 94987. இந்தப் பெயர் தெரிந்தவர் 'மின்னகம்' என்று தேடுவார். தெரியாதவர்? 'ஈபி கஸ்டமர் கேர்' என்றுதான் தேடுவார். அந்த வார்த்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதுதான் அவர் கண்ணில் படும்.

காலி இடத்தில் யார் உட்காருகிறார்கள்?

ஒரு வார்த்தையைத் தேடும்போது நம்பகமான தகவல் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் நிலையை 'தரவு வெற்றிடம்' என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் கோலெபியூஸ்கி 2018-ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். இந்த இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது. வதந்தியோ, மோசடிக் கும்பலோ வந்து உட்கார்ந்துவிடும்.

போலி கஸ்டமர் கேர் எண் மோசடி இப்படித்தான் நடக்கிறது. வங்கி, கேஸ், கூரியர் என்று மக்கள் அடிக்கடி தேடும் வார்த்தைகளோடு போலி எண்ணை இணையத்தில் போட்டு வைக்கிறார்கள். நம்பி போன் செய்பவரிடம், செல்போன் திரையைப் பகிரும் ஆப்பை இன்ஸ்டால் பண்ணச் சொல்லி, வங்கிக் கணக்கில் இருந்து பணத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆக, அறிவிப்பில் ஒரு வார்த்தை விடுபடுவது வெறும் மொழிப் பிரச்னை இல்லை. சிலருக்கு அது சேமிப்புப் பணம்.

'கொரோனா'வா, 'கோவிட்'டா?

உலக சுகாதார அமைப்பு 2020 பிப்ரவரி 11-ல் நோய்க்கு 'கோவிட்-19' என்று பெயர் வைத்தது. அதற்குள் நம்ம ஊர் டீக்கடை வரை 'கொரோனா' என்ற பெயர் பரவிவிட்டது. தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளிலும் 'கொரோனா' என்ற சொல் தொடர்ந்து இடம்பெற்றது. அதனால் தேடியவருக்கும் புரிந்தது, கேட்டவருக்கும் புரிந்தது.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இன்னும் ஒரு படி மேலே போனது. சிறுநீர், மலம் ஆகியவற்றுக்கு மருத்துவச் சொற்களை விட்டுவிட்டு, வீட்டில் குழந்தைகளிடம் பேசும் 'பீ', 'பூ' என்ற ஆங்கிலச் சொற்களையே தன் இணையதளத்தில் பயன்படுத்துகிறது. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

வார்த்தையை விலைக்கு வாங்கினால் போதுமா?

போதாது. 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். கடலில் எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, 'ஆயில் ஸ்பில்' என்று தேடினால் தங்கள் பக்கம் முதலில் வரும்படி பி.பி. நிறுவனம் கூகுளில் விளம்பரம் வாங்கியது. மக்கள் தேடும் வார்த்தையைச் சரியாகத்தான் பிடித்தது. ஆனால் பெயரைக் காப்பாற்றத்தான் இந்த வேலை என்று கடும் விமர்சனம் எழுந்தது. கசிவு அடைபட்டதோ ஜூலை 15-ல்தான்.

பாடம் இதுதான்: தேடல் வார்த்தை வாசல் மட்டுமே. உள்ளே வருபவருக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

அறிவிப்பு எழுதுபவர்கள் என்ன செய்யலாம்?

* கூகுள் ட்ரெண்ட்ஸை இலவசமாகப் பார்க்கலாம். அது காட்டுவது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கையை அல்ல. 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவை. எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது என்று புரிந்துகொள்ள அது போதும்.
* தேடல் பெட்டியில் பாதி வார்த்தை தட்டினாலே கீழே வரும் பரிந்துரைகளைக் கவனிக்கலாம். மக்களின் கேள்விகள் அங்கேயே கிடைக்கும்.
* அதிகாரபூர்வ பெயரையும் பேச்சு வழக்குப் பெயரையும் முதல் இரண்டு வரிகளுக்குள் சேர்த்து எழுதலாம். உதாரணம்: 'நாளை மின்தடை (பவர் கட்)'.
* துணை மின்நிலையத்தின் பெயரோடு நிறுத்தாமல், தெரு, நகர், பேருந்து நிறுத்தம் என்று மக்கள் சொல்லும் இடப்பெயர்களைப் போடலாம்.
* அறிவிப்பை ஸ்கேன் செய்த படமாக மட்டும் வெளியிடாமல் எழுத்தாகவும் தரலாம். படத்தில் இருப்பது தேடலில் சிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.
* தவறு நடந்திருந்தால் அதை மழுப்பாமல் சொல்லலாம். 'ஏன்', 'எப்போ சரியாகும்', 'நான் என்ன செய்யணும்' ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

தேடலில் முதலில் வரும் எண் உண்மையான எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சேவை எண்ணைப் பில், பாஸ்புக், அதிகாரபூர்வ இணையதளம் ஆகியவற்றில் சரிபார்த்த பிறகே போன் செய்யுங்கள். யாராவது ஆப் இன்ஸ்டால் பண்ணவோ, ஓடிபி சொல்லவோ சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.